துணியும் கணக்கும் சேர்ந்த படிப்பு: சேலத்துத் தந்தை ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவருடைய மகள் வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறார். ஃபேஷன் டிசைனும் சில்லறை விற்பனை மெர்ச்சண்டைசிங்கும் (எந்தச் சரக்கை, எவ்வளவு, என்ன விலையில் விற்பது என்று திட்டமிடும் வேலை) சேர்ந்த பட்டப்படிப்பில் சேர விரும்புகிறார். “தையல் கற்றுக்கொள்ள மூன்று வருடம் காலேஜுக்குப் போக வேண்டுமா?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். படிப்பில் உண்மையில் என்ன சொல்லித் தருகிறார்கள், சேலத்திலேயே படிக்கலாமா அல்லது வெளியூர் அனுப்ப வேண்டுமா, முடித்தபின் என்ன வேலை கிடைக்கும், பிற்காலத்தில் சொந்தமாகக் கடை வைக்க இது உதவுமா என்பவை அவருடைய ஐயங்கள்.

ஐயா, சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகச் சேர்த்துவிடலாம். ஆனால் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: துணியைத் தொட்டு, வெட்டி, தைத்து அறியும் பயிற்சியும், விலையையும் சரக்கையும் கணக்கிடும் பயிற்சியும் ஒரே பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும். அழகாக வரையக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடும் படிப்புகள் உண்டு. துணியைக் கண்ணில் காட்டாமல் சந்தைப்படுத்தல் பாடங்களை மட்டும் நடத்தும் படிப்புகளும் உண்டு. இந்தத் துறைக்கு இரண்டுமே பாதிப் படிப்புதான். தங்கள் மகள் வணிகவியல் படித்தவர் என்பது பலரும் நினைப்பதுபோல் குறை அன்று. கொள்முதல், கையிருப்பு, லாபவிகிதம் என்று வரும்போது மற்ற மாணவர்கள் தடுமாறும் இடத்தில் அவர் நிதானமாக நடக்க முடியும்.

உறவினர்கள் சொல்வதை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. தையல் இந்தப் படிப்பின் அடித்தளம்தான், அதைக் குறைத்துப் பேசுவதற்கு எதுவும் இல்லை. முதல் ஆண்டின் பெரும்பகுதி தையல் எந்திரத்தின் முன்னும் பேட்டர்ன் (துணியை வெட்டுவதற்கான காகித மாதிரி) வரையும் மேசையின் முன்னும்தான் கழியும். கைக்குழியை அரை அங்குலம் கீழே இறக்கி வெட்டினால், கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் ஏன் மேலே ஏறுகிறது என்பதை ஒரு பெண் தன் கையால் வெட்டித் தைத்துப் பார்த்திருந்தால்தான், ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய கடையின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து, “இந்த சாம்பிள் சரியில்லை” என்பதோடு நின்றுவிடாமல், “கைக்குழியை இவ்வளவு மேலே ஏற்றி மறுபடி அனுப்புங்கள்” என்று உற்பத்தியாளரிடம் சொல்ல முடியும். அப்படிச் சொல்லத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் சம்பளத்திலும் மரியாதையிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. தையலோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை என்பதைத்தான் உறவினர்களுக்கு நாம் சொல்ல வேண்டும்.

தையலுக்கு அடுத்தபடியாக நார், நூல், நெசவு, சாயம் ஆகியவை பற்றிய பாடங்கள் வரும். இவற்றை மாணவர்கள் மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம், ஏனெனில் பிற்காலத்தில் அதிகம் கைகொடுப்பவை இவைதான். பிக் கிளாஸ் என்னும் சிறிய உருப்பெருக்கியைத் துணியின் மேல் வைத்து, ஓர் அங்குலத்தில் பாவு இழை எத்தனை, ஊடை இழை எத்தனை என்று எண்ணப் பழகிவிட்டால், தரகர் ஒருவர் போன வாரம் காட்டிய ரகத்தையே இந்த வாரம் இழையைக் குறைத்து நெய்து கொண்டுவந்தால் கண்டுபிடித்துவிடலாம். பின்னல் துணியாக இருந்தால், சரியாக 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வட்டத்தை வெட்டித் தரும் கருவி ஒன்று இருக்கிறது. வெட்டிய வட்டத்தைத் தராசில் வைத்து, வரும் கிராம் எடையை 100-ஆல் பெருக்கினால் அதுதான் அந்தத் துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை; வட்டம் 1.6 கிராம் என்றால் துணி 160 ஜி.எஸ்.எம். இவ்வளவு எளிய சோதனையைக்கூடக் கையால் செய்து பார்க்காமல் பட்டம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

நிறம் பற்றிய பாடத்தையும் குறிப்பிட வேண்டும். சேலத்துக் கடைவீதியில் புடவை எடுக்க வரும் பெண்கள், விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப்போன புடவையையும் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொல்வார்கள். அது வீண் சந்தேகம் அன்று. ஒரு விளக்கின்கீழ் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சாயங்கள் வேறு ஒளியில் வேறு வேறாகத் தெரியும். மெட்டமெரிசம் என்று இதைப் பாடத்தில் படிப்பார்கள். முந்தானையும் ஜாக்கெட் துணியும் வெவ்வேறு பட்டறைகளில் சாயமேற்றப்பட்டிருந்தால் இந்தச் சிக்கல் வருவது சாதாரணம். அதனால்தான் ஏற்றுமதி நிறுவனங்களில் நிற மாதிரியை ஒளிப்பெட்டிக்குள் வைத்து, பகல் ஒளிக்கு ஒப்பான டி65 விளக்கிலும் கடை விளக்குக்கு ஒப்பான டிஎல்84 விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகே ஒப்புதல் தருகிறார்கள். கல்லூரியில் அந்தப் பெட்டி ஒன்று இருக்கிறதா என்று நேரில் போகும்போது கேட்டுப் பாருங்கள். சாயம் போகிறதா என்பதை 1 முதல் 5 வரையிலான சாம்பல் அளவுகோலோடு ஒப்பிட்டு மதிப்பிடும் பயிற்சியும் அங்கே இருக்க வேண்டும்.

இனி மெர்ச்சண்டைசிங். நம் பகுதியில் இந்தச் சொல்லைக் கேட்டவுடன் திருப்பூர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே மெர்ச்சண்டைசர் என்பவர் வெளிநாட்டு வாங்குநருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று ஓர் ஆர்டரை முதல் மின்னஞ்சலிலிருந்து கப்பல் ஏறும் நாள்வரை நடத்திச் செல்பவர். டெக்பேக்கை, அதாவது ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் அடங்கிய குறிப்பேட்டை, படித்துப் புரிந்துகொள்வது, விலை கணக்கிட்டுச் சொல்வது, நூலும் பட்டனும் லேபிளும் உரிய நாளில் வந்து சேரும்படி பார்த்துக்கொள்வது, ஃபிட் சாம்பிள் (உடலில் பொருந்துகிறதா என்று பார்க்கும் மாதிரி), சைஸ் செட் (எல்லா அளவுகளிலும் ஒவ்வொரு மாதிரி), உற்பத்திக்கு முந்தைய சாம்பிள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் பெறுவது, சாயப்பட்டறை தாமதித்தால் தையல் பிரிவின் நாட்காட்டியை மாற்றி அமைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. சில்லறை விற்பனை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருப்பவரின் வேலை இதற்கு நேர்மாறான முனையில் இருக்கிறது. எந்த ஊர்க் கடைக்கு எந்த ரகம், என்ன விலையில், எத்தனை, எந்த அளவுகளில், எந்த வாரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பதும், விற்காமல் நிற்பதை எப்போது விலை குறைத்துத் தள்ளுவது என்று முடிவெடுப்பதும் அவர் வேலை. தங்கள் மகள் விரும்புவது இரண்டாவது வேலை என்றால், முதல் வேலைக்கான பாடங்களை மட்டும் வைத்திருக்கும் கல்லூரி அவருக்குப் போதாது. கொங்கு மண்டலத்துக் கல்லூரிகளின் பாடத்திட்டங்களில் ஏற்றுமதி மெர்ச்சண்டைசிங்குக்குத்தான் அதிக இடம் தருகிறார்கள். சுற்றிலும் இருக்கும் வேலைவாய்ப்பு அப்படி என்பதால் அதில் தவறும் இல்லை.

இரண்டையும் இணைப்பது கணக்குதான். ஏற்றுமதிப் பக்கத்துக் கணக்குக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு டி-ஷர்ட்டின் உடல் நீளம் 71 செ.மீ., கை நீளம் 21 செ.மீ., மார்புப் பகுதியில் பாதிச் சுற்றளவு 54 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நீளங்களையும் கூட்டி, மடிப்புக்கும் தையலுக்கும் 10 செ.மீ. சேர்த்தால் 102. அகலத்துக்கு 4 செ.மீ. சேர்த்தால் 58. இரண்டையும் பெருக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டால் பெருக்கி, 160 ஜி.எஸ்.எம்.-ஆல் பெருக்கி, 10,000-ஆல் வகுத்தால் 189 கிராம் வருகிறது. வெட்டுச் சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் ஒரு சட்டைக்குச் சுமார் 208 கிராம் துணி. ஆயிரக்கணக்கில் தைக்கும்போது இந்தக் கணக்கில் 10 கிராம் பிசகினாலும் லாபத்தில் கணிசமான பகுதி அதில் கரைந்துபோகும். மேலே சொன்ன எடை பார்க்கும் வட்டம் ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

சில்லறைப் பக்கத்தில் முதலில் கற்க வேண்டியது தள்ளுபடியின் உண்மையான விலை. 600 ரூபாய்க்கு வாங்கிய குர்தியை 1,000 ரூபாய்க்கு விற்றால் 400 ரூபாய் மிச்சம். வரியை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. ‘20 சதவீதம்தானே’ என்று தள்ளுபடி கொடுத்து 800-க்கு விற்றால் மிச்சம் 200. விலை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, மிச்சமோ பாதியாகிவிட்டது. முன்பிருந்த தொகையைச் சம்பாதிக்க இனி இரண்டு மடங்கு குர்தி விற்றாக வேண்டும். இதை முழுமையாக உணராமல் ஆடித் தள்ளுபடி பலகையைத் தொங்கவிடும் சிறு கடைகள் நம் ஊரில் ஏராளம்.

அடுத்தது, ஒரு மாதத்தில் இன்னும் எவ்வளவு சரக்கு வாங்கலாம் என்னும் கணக்கு. ஓபன் டு பை என்று வகுப்பில் சொல்வார்கள். ஒரு கடையின் குர்தி பிரிவில் அந்த மாதம் 12 லட்சம் ரூபாய் விற்பனை எதிர்பார்க்கிறோம், தள்ளுபடியாக 1 லட்சம் போகும், மாத முடிவில் 15 லட்சம் ரூபாய்ச் சரக்கு அடுக்கில் இருக்க வேண்டும் என்றால் மொத்தத் தேவை 28 லட்சம். மாதத் தொடக்கத்தில் 14 லட்சம் கையில் இருக்கிறது, முன்பே சொல்லிவைத்த 6 லட்சத்துக்கான சரக்கு வழியில் இருக்கிறது. ஆக, புதிதாக வாங்க இடம் 8 லட்சத்துக்குத்தான். வியாபாரி புதிய டிசைன்களை விரித்துப்போட்டு, “இது தீபாவளிக்குப் பறக்கும்” என்று சொல்லும்போது, இந்த 8 லட்சம் என்ற எண் மனதில் இருப்பவர் நிதானம் இழக்க மாட்டார். அளவு விகிதமும் இதே போன்றதுதான். எல்லா அளவுகளிலும் சமமாக வாங்கினால் நடு அளவுகள் முதல் வாரத்தில் தீர்ந்துவிட, மிகச் சிறியதும் மிகப் பெரியதும் மட்டும் தேங்கிப்போகும்; கடைக்காரர்கள் சைஸ் உடைந்த சரக்கு என்று சொல்வது இதைத்தான். எந்த ஊரில் எந்த அளவு அதிகம் போகிறது என்பதைக் கடந்த ஆண்டு பில்களிலிருந்து எக்செல்லில் பிரித்தெடுக்கும் பயிற்சி, இரண்டாம் ஆண்டுக்குள்ளாவது வந்துவிட வேண்டும்.

வரியும் டிசைனரின் மேசைக்கே வந்துவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒன்றின் விலை 2,500 ரூபாய்வரை உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டால் 18 சதவீதமும் ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. வரிக்கு முன் 2,500 ரூபாய் விலையுள்ள ஒரு கவுன் வாடிக்கையாளர் கைக்கு 2,625 ரூபாய்க்குப் போகிறது. அதிலேயே கூடுதலாக ஒரு லேஸ் வைத்து 2,600 ஆக்கினால் வாடிக்கையாளர் தர வேண்டியது 3,068 ரூபாய். 100 ரூபாய் லேஸுக்காக அவர் 443 ரூபாய் அதிகம் கொடுக்கிறார். அந்த லேஸ் வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிப்பவருக்கு வரைகலையும் தெரிந்திருக்க வேண்டும், இந்த வரம்பும் தெரிந்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது பருவம் பற்றிய அறிவு. பாடநூல்கள் பெரும்பாலும் வசந்தம்–கோடை, இலையுதிர்–குளிர் என்று ஆண்டை இரண்டாகப் பிரித்துப் பேசும். ஏற்றுமதிக்கு அது சரி. சேலத்தில் துணி விற்கும் பருவங்களைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தை பிறந்ததும் முகூர்த்தப் பட்டு நகரத் தொடங்கும். வைகாசியும் ஆவணியும் நெருக்கமான முகூர்த்த மாதங்கள். ஆடி மந்தம் என்று பொதுவாகச் சொன்னாலும், கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நகரில் தனியாக ஒரு வாங்கல் நடக்கிறது. அது கல்யாணப் பட்டு வாங்கல் அன்று, குறைந்த விலைச் சேலையும் பிள்ளைகளுக்கான உடையும். ரம்ஜான் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வந்துகொண்டிருக்கும். தீபாவளியோ 2025-இல் அக்டோபர் 20 அன்று வந்தது, 2026-இல் நவம்பர் 8 அன்று வருகிறது. 2025 அக்டோபர் விற்பனையை 2026 அக்டோபர் விற்பனையோடு ஒப்பிட்டு, “வியாபாரம் படுத்துவிட்டது” என்று பதறுபவர் நாட்காட்டியைப் பார்க்காதவர். தீபாவளிக்கு முந்தைய ஐந்தாவது வாரம், நான்காவது வாரம் என்று எண்ணி வாரத்தை வாரத்தோடு ஒப்பிட வேண்டும். பெரும் நிறுவனங்களின் தலைமை அலுவலகங்களில் உட்கார்ந்து திட்டமிடுபவர்களுக்கு இந்த நுட்பம் எளிதில் பிடிபடுவதில்லை. அம்மாப்பேட்டையில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது வீட்டிலேயே தெரிந்த சங்கதி. தெரிந்ததை எண்ணாக மாற்றி அட்டவணையில் போடக் கற்றுக்கொடுப்பதே கல்லூரியின் வேலை.

இனி எங்கே படிப்பது என்பதற்கு வருகிறேன். வணிகவியல் பிரிவு மாணவி என்பதால், அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வு வழியாகச் சேரும் பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி அவருக்குத் திறக்காது. அதற்கு கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். சேலம் சோனா தொழில்நுட்பக் கல்லூரியிலும் கோவை குமரகுரு தொழில்நுட்பக் கல்லூரியிலும் அந்தப் பி.டெக். இருக்கிறது என்பதை, இதைப் படிக்கும் அறிவியல் பிரிவு மாணவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். தங்கள் மகளுக்கு உகந்தவை, பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் போன்ற பெயர்களில் கலை அறிவியல் கல்லூரிகளில் நடக்கும் மூன்றாண்டுப் படிப்புகள். 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளில் இவை கிடைக்கின்றன. கோவைப் பக்கம் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்னும் அதிகம். டிசைனையும் மெர்ச்சண்டைசிங்கையும் பெயரிலேயே இணைத்து ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. படிப்பைக் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி நடத்திவருகிறது. அதன் சேர்க்கைத் தகுதியை அந்தக் கல்லூரியிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நிஃப்ட் எனப்படும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் பற்றியும் பலர் கேட்பார்கள். 1986-இல் டெல்லியில் தொடங்கி, 1995 முதல் சென்னையிலும் இயங்கும் அந்த நிறுவனத்தின் நான்காண்டு பி.டெஸ். (டிசைன் இளநிலைப் பட்டம்) படிப்பில் எந்தப் பிரிவு மாணவரும் சேரலாம். ஆனால் நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போதே, முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களில் வந்துவிடும். பொதுத் தேர்வு முடிவு வந்தபின் யோசித்தால் அந்த ஆண்டு கைநழுவிவிடும். கட்டணமும் பல லட்சங்களில் போகும். நான் பெற்றோருக்குப் பெரும்பாலும் பரிந்துரைப்பது வேறொரு வழி: மூன்றாண்டு பி.எஸ்சி.யை வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், பட்டறைகளும் தறிகளும் சூழ்ந்த இடத்தில் படித்துவிட்டு, அதற்குப் பிறகு நிஃப்ட்டின் இரண்டாண்டு ஃபேஷன் மேலாண்மை முதுகலைக்கு முயல்வது. அதற்கு எந்தப் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். துணியை அறிந்து போகிறவர்கள் அந்த வகுப்பில் பொறியியலும் வணிகமும் மட்டும் படித்து வந்தவர்களைவிட வேகமாக முன்னேறுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

சேலத்தில் படிப்பதை இரண்டாந்தரத் தேர்வாக நினைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் ஊர்ப்பற்று மட்டும் அன்று. இந்தப் படிப்புக்குத் தேவையான ஆய்வுக்கூடம் ஊரைச் சுற்றி விரிந்து கிடக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு தங்கள் பகுதியிலும் பொன்னம்மாப்பேட்டையிலும் குகையிலும் நெய்யப்படுகிறது. இளம்பிள்ளைக்குப் போனால் விசைத்தறிச் சேலை எப்படித் திட்டமிடப்படுகிறது, தறியில் டிசைனை நெய்யவைக்கும் துளையிட்ட ஜக்கார்டு அட்டையில் டிசைன் எப்படி ஏறுகிறது, அதே டிசைன் எத்தனை நிறச் சேர்க்கைகளில் வெளியே போகிறது என்று ஒரே நாளில் பார்த்துவிடலாம். குமாரபாளையமும் பள்ளிபாளையமும் லுங்கிக்கும் துண்டுக்கும், பவானி ஜமுக்காளத்துக்கு, கரூர் வீட்டு உபயோகத் துணிகளுக்கு, திருப்பூர் பின்னலாடைக்கு. ஈரோட்டில் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் கூடும் ஜவுளிச் சந்தையில், எந்த ரகத்துக்கு வெளிமாநில வியாபாரிகள் கூட்டமாக நிற்கிறார்கள் என்று பார்ப்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத பாடம். 1960 முதல் சேலத்தில் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் இங்கேயே இருக்கிறது. அது தனி டிப்ளமா படிப்பு என்றாலும், நெசவு பற்றி ஐயம் வந்தால் அறிந்தவர்களை அணுக ஓர் இடம் ஊருக்குள் இருப்பது பெரிய வசதி. சென்னையிலோ பெங்களூரிலோ படிக்கும் மாணவர்கள் கல்விச் சுற்றுலாவாக வந்து பார்த்துவிட்டுப் போகும் இடங்கள் இவை.

தங்கள் வீட்டுப் பெண் தறிகள் இருக்கும் தெருவில் வளர்ந்தவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி 11 வகைத் துணிகள் கைத்தறிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் விசைத்தறியில் ஓட்டிய சேலையைக் கைத்தறி என்றும், செயற்கை இழையைப் பட்டு என்றும் சொல்லி விற்பது நின்றபாடில்லை. கொள்முதல் செய்பவர் ஏமாந்தால் கடை ஏமாறும், கடையை நம்பிய குடும்பமும் ஏமாறும், நேர்மையாக நெய்த நெசவாளிக்குரிய விலையும் கிடைக்காமல் போகும். கரைப் பகுதியைத் திருப்பிப் பார்த்து, இழையைப் பிரித்து, ஒரு நுனியை எரித்து முகர்ந்து உண்மையைச் சொல்லத் தெரிந்த பட்டதாரிகள் கொள்முதல் மேசைகளில் உட்கார வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. பட்டு முத்திரை, கைத்தறி முத்திரை ஆகியவற்றின் விதிமுறைகளையும் மாணவியாக இருக்கும்போதே படித்துவைக்கட்டும்.

கல்லூரியை நேரில் பார்க்காமல் சேர்க்காதீர்கள். முகப்பில் மாட்டியிருக்கும் ஃபேஷன் ஷோ படங்களைத் தாண்டித் தையல் கூடத்துக்குப் போங்கள். ஓவர்லாக், ஃபிளாட்லாக் உள்ளிட்ட தொழிற்சாலை எந்திரங்கள் இருக்கின்றனவா, அவை ஓடுகின்றனவா, ஓர் எந்திரத்துக்கு எத்தனை மாணவர்கள் என்று பாருங்கள். கணினிக் கூடத்தில் பேட்டர்ன் வரையும் மென்பொருள் எது என்று கேளுங்கள். பாடத்திட்டத்தை வாங்கி, ஆடை விலைக் கணக்கீடு, சில்லறை மேலாண்மை, விஷுவல் மெர்ச்சண்டைசிங் (கடையில் சரக்கைக் காட்சிப்படுத்தும் முறை) ஆகிய மூன்றும் தனித்தாள்களாக இருக்கின்றனவா, இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம் என்று தேடுங்கள். இறுதியாண்டு மாணவிகள் இருவரிடம் அவர்களுடைய போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பை, காட்டச் சொன்னால் மகிழ்ச்சியாகக் காட்டுவார்கள். அதில் வரைபடங்களுக்குப் பக்கத்தில் துணித் துண்டும், விலைத்தாளும், எத்தனை உருப்படி யாருக்காக என்ற திட்டமும் ஒட்டப்பட்டிருந்தால் அந்தத் துறையில் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று நம்பலாம். கட்டணச் சுமை குறித்து ஒரு குறிப்பு: அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்புவரை படித்த பெண் என்றால் புதுமைப்பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், சேர்க்கையின்போதே கல்லூரி அலுவலகத்தில் பதிவுசெய்துவிடுங்கள்.

விடுமுறைகளை வீணாக்காமல் இருப்பது அவர் கையில் இருக்கிறது. முதல் கோடையில் உள்ளூர்த் துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பிரிவில் நிற்கட்டும். வாங்க வந்தவர் எதைத் தொடுகிறார், எதை விரித்துப் பார்க்கிறார், எதைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார் என்பதைக் குறித்துவைக்கட்டும். மே மாதம் ஏற்காட்டில் ஏரியைச் சுற்றியுள்ள கடைகளில் சால்வையும் குழந்தைகளுக்கான ஸ்வெட்டரும் எப்படி விற்கின்றன என்று பார்த்தால், அடிவாரத்தில் வெயில் கொளுத்தும் அதே நாளில் முப்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு சந்தை இருப்பது புரியும். இரண்டாம் ஆண்டில் திருப்பூரிலோ ஈரோட்டிலோ தொழிற்சாலைப் பயிற்சியும், மூன்றாம் ஆண்டில் ஒரு சில்லறை நிறுவனத்தின் கொள்முதல் அலுவலகத்தில் பயிற்சியும் கிடைத்துவிட்டால் படிப்பின் இரண்டு பக்கங்களும் பூர்த்தியாகும்.

வேலை பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் முதல் வேலையின் பெயரைக் கேட்டு மனம் தளரவும் வேண்டாம். டிசைனர் என்ற பெயரில் தொடங்குபவர்கள் மிகச் சிலர். உதவி மெர்ச்சண்டைசர், தரப் பரிசோதகர், கொள்முதல் உதவியாளர், கடைகளுக்குச் சரக்கு பகிர்ந்தளிப்பவர், கடைக் காட்சி அமைப்பாளர் ஆகிய நிலைகளில்தான் பெரும்பாலோர் நுழைகிறார்கள். ஏற்றுமதி நிறுவனங்களில் நேரம் காலம் பாராத உழைப்பு இருக்கும். ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் இரவு வெகுநேரம் ஆகும். பெண் பிள்ளையை அனுப்பும் வீட்டார் தங்குமிடத்தையும் போக்குவரத்தையும் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நியாயமானது. நல்ல நிறுவனங்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். சில்லறை நிறுவனங்களில் பண்டிகைக்கு முந்தைய இரண்டு மாதங்கள் அப்படியே. ஆங்கிலத்தில் தெளிவாக மின்னஞ்சல் எழுதவும் எக்செல்லில் பயமின்றி வேலை செய்யவும் பழகியவர்கள் இரண்டு இடங்களிலும் சீக்கிரம் மேலே வருகிறார்கள்.

கடைசியாக, சொந்தக் கடை. படித்து முடித்த கையோடு முதலீடு போட்டுத் தர வேண்டாம், ஐயா. முதலில் வேறொருவரின் பணத்தில் கொள்முதல் செய்யும் பிரிவில் அவர் வேலை பார்க்கட்டும். இரண்டு தீபாவளிகளையாவது அந்த மேசையிலிருந்து பார்த்து, எது தேங்கியது, ஏன் தேங்கியது, எந்த உற்பத்தியாளர் சொன்ன நாளில் சரக்கு அனுப்பினார், யார் சாம்பிளில் ஒன்றும் லாட்டில் வேறொன்றும் கொடுத்தார் என்று தன் நோட்டில் எழுதிவைத்திருக்க வேண்டும். அதன்பிறகு அம்மாப்பேட்டை வெண்பட்டையோ இளம்பிள்ளைச் சேலையையோ எடுத்து, ஒரே ரகத்தில், குறைந்த நிறங்களில், வீட்டிலிருந்தே வாட்ஸ்அப் வழியாக விற்றுப் பார்க்கலாம். வந்த சரக்கில் நான்கு வாரத்தில் எத்தனை சதவீதம் விற்றது என்று ஒவ்வொரு டிசைனுக்கும் கணக்கு வைத்து, பாதிக்கு மேல் போனதை மட்டும் மறுபடி நெய்யச் சொல்லட்டும். அந்தக் கணக்கு ஓராண்டு முழுவதும், ஆடி மாதம் உள்பட, நட்டமில்லாமல் ஓடினால் கடைக்கு வாடகை முன்பணம் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம்.